நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு

மே 2, வெள்ளி

நாட்டு மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: எங்கள் வீட்டு மிக்ஸி இன்று காலை ஏழு நாற்பதுக்கு, தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நிலையில், கடமையிலேயே காலமானது. வயது ஒன்பது. கொஞ்ச நேரம் கரிந்த நாற்றம் விட்டது, பிறகு அமைதி. பெரிய ஜார், சின்ன ஜார், மூடி தொலைந்த ஜார் என்று மூன்று வாரிசுகளை விட்டுச் சென்றிருக்கிறது.

பிளஸ் ஒன் பரீட்சை முடித்து விடுமுறையில் இருக்கும் ஒருவன் இந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? சார்ட் பேப்பரில் கறுப்புக் கட்டம் போட்டு, மிக்ஸியை வரைந்து, "கண்ணீர் அஞ்சலி! அரைத்தது போதும் என்று அரைகுறையாய்ப் போனாயே" என்று எழுதினேன். கீழே, "துயரத்தில் வாடும் கிரைண்டர், குக்கர் மற்றும் குடும்பத்தார்." அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினேன்.

அம்மா சிரித்துவிட்டாள். அக்கா தண்ணீர் குடிக்க வந்தாள், படித்தாள், தம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அம்மா உடனே போஸ்டரைக் கிழித்து நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

"ஏல, புள்ளத்தாச்சி இருக்க வீட்ல இதா விளையாட்டு?" என்றாள், மெதுவாக. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்காவுக்கு இது இருபத்தெட்டாவது வாரம். அத்தான் கப்பலில் இருக்கிறார், அதனால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் வந்திருந்தாள். ஏழாம் மாதக் கடைசியில் ஒருநாள் ஸ்கேன் எடுக்கப் போனபோது துடிப்பு நின்றிருந்தது. அந்தக் குழந்தைக்கு யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. பெயர் வைத்திருக்கவில்லை. பெயர் இல்லாமல் எப்படி ஒட்டுவது?

அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அக்கா அறைக் கதவை இன்றுவரை யாரும் அடித்துச் சாத்துவதும் இல்லை. அவள் புருஷன் வீட்டில் இருந்த நாட்களில், அறை காலியாகக் கிடந்தபோதும், உள்ளே ஏதோ தூங்குவதுபோல மெதுவாகத்தான் சாத்தினோம்.

மே 6, செவ்வாய்

ஸ்கேன். அம்மா வரவில்லை. போன தடவை அந்த வாசலில் நின்றவள் அவள்தான். அதனால் நான். காத்திருந்த இடத்தில் பதினொரு வயிறுகள், ஆண் குலத்தின் பிரதிநிதியாக மடியில் ஃபைலோடு நான் ஒருவன். டோக்கன் கொடுத்த பெண் "நீங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். எனக்கு மீசை முளைத்திருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் அதிகாரபூர்வச் சான்று. அக்கா "இதுவா?" என்று ஒரே சொல்லில் சான்றிதழைக் கிழித்தாள்.

அப்புறம் டாக்டர் பகவதியின் அறை. குழந்தை வாரக் கணக்குக்குச் சின்னதாக இருக்கிறதாம். டாக்டர் ஸ்கேன் உறையின் பின்பக்கம் ஒரு மரம் வரைந்தார். நஞ்சுக்கொடி. பெயரைக் கேட்டால் படத்தில் வரும் வில்லன் மாதிரி இருக்கிறது. ஆனால் குழந்தைக்குச் சமைப்பது, பரிமாறுவது, குப்பை அள்ளுவது எல்லாம் அதுதான். அதற்குள் இரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போக வேண்டும். எவ்வளவு கிளையோ அவ்வளவு சாப்பாடு. டாக்டர் பக்கத்தில் இன்னொரு மரம் வரைந்தார், நாலே கிளைகளோடு. புயலுக்குப் பிறகு துறைமுக ரோட்டில் நின்ற வேப்பமரம்போல இருந்தது.

"உங்களோடது இப்படி இருக்கும்னு சந்தேகப்படுறேன். இரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்."

அக்கா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் தப்பா செய்யலம்மா" என்றார் டாக்டர்.

மே 9, வெள்ளி

அத்தான் சிங்கப்பூரில் வாங்கி, ஊர் திரும்பிய கப்பல் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு மிஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் மைக் மாதிரி ஒன்று. வயிற்றில் பசையைத் தடவி மைக்கை வைத்தால் குழந்தையின் துடிப்பு கேட்கும். திரையில் எண் வரும்.

இயக்குநர் பொறுப்பு எனக்கு. முதலில் கிடைத்தது ஒரு மெதுவான சத்தம், தகரக் கூரையில் கடல் காற்று இழுபடுவதுபோல. ஹூஸ். ஹூஸ். திரையில் 86. நான் வெற்றி வெற்றி என்று கூவிவிட்டு அப்புறம்தான் கூட வந்த தாளைப் படித்தேன். அது குழந்தை இல்லை, நஞ்சுக்கொடிப் பக்கம் ஓடும் அக்காவின் சொந்த இரத்தம். குழந்தை என்றால் நூற்றுப் பத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

மைக்கை இன்னும் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். திடீரென்று தையல் மிஷினை யாரோ அவசரமாக மிதிக்கிற சத்தம். 148.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகர்த்திவிடுவேனோ என்று. நிலைப்படியில் நின்ற அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். போனில் பதிவு செய்து அத்தானுக்கு அனுப்பினேன். எஞ்சின் அறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாராம். "எஞ்சின விட நல்லா ஓடுது மாப்ள" என்று பதில் வந்தது.

மே 13, செவ்வாய்

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில்: இரத்தக் குழாய்கள் தானாகக் கிளைக்காது. 'வளர், பிரி' என்று சொல்லச் சில புரதங்கள் இருக்கின்றன, வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். அக்கா இரத்தத்தில் அது மிகவும் குறைவு. இன்னொரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. அதற்கு வேறு வேலையே கிடையாது, வளர்ச்சிக் காரணியை வழியில் மடக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆட்டோவில் வரும்போது அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். "எக்கா, எங்க ஸ்கூல் கேண்டீன் வாசல்ல ஒரு பிளஸ் டூ அண்ணன் நிப்பான். நாங்க பரோட்டா வாங்கிட்டு வெளிய வந்ததும் பிடுங்கித் தின்னுருவான். பெஞ்சு வரைக்கும் பரோட்டா போயே சேராது. அவந்தான் இவன்."

இந்த மாதத்தில் முதல்முறையாக அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அதுவும் சிரிப்புதான் என்று எழுதி வைக்கிறேன்.

குழாய்களை இனிமேல் வளரவைக்க மருந்து இல்லையாம். காத்திருக்க வேண்டும். வெளியே வருவதைவிட உள்ளே இருப்பது ஆபத்து என்று ஆகிற நாளில் எடுத்துவிடுவார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் போன தடவை மாதிரி.

"அசைவு குறைஞ்ச மாதிரி தோணிச்சுன்னா உடனே வந்துரணும். காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. அப்புறம், இந்த மிஷின வீட்ல வாங்கி வெச்சுக் கேக்குறாங்க சில பேரு. அத நம்பாதீங்க" என்று நாங்கள் கிளம்பும் முன் சொல்லியிருந்தார் டாக்டர்.

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். நல்ல மொசைக்.

மே 16, வெள்ளி

துடிப்புத் துறை அமைச்சரின் வாராந்திர அறிக்கை: 146, 151, 148, 144. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கட்டிலில் படுத்துவிடுகிறாள், நான் கையைக் கழுவிக்கொண்டு போகிறேன். இந்தக் குடும்பத்தில் எனக்காக யாரும் இப்படி நேரம் பார்த்துக் காத்திருந்ததில்லை.

இடையில் அமைச்சர் ஒரு சிறு சேவையும் செய்தார். பதிவு செய்த துடிப்பை அம்மாவின் போனுக்கு ரிங்டோனாக வைத்து, அவள் மீன் வாங்கப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். மீன்காரம்மா கூடையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "பையில என்னது உசுரோட துடிக்கி?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா வந்து ரெண்டு வைத்தாள், ஆனால் ரிங்டோனை மாற்றச் சொல்லவில்லை. யாராவது கூப்பிட்டால் கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறாள்.

இருந்தாலும் பதிவுக்காக: நான் போட்ட வேஷம் எதையும் இதுவரை எவரும் நடிப்பென்று கண்டுபிடித்ததில்லை. நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு காய்ச்சல் என்று படுத்தால் டாக்டரே ஊசி போடுவார். முகத்தில் ஒரு கோடு மாறாது.

மே 22, வியாழன்

அக்காவுக்கு இரண்டு ஊசி போட்டாயிற்று, குழந்தை முன்னாலேயே வந்தால் நுரையீரல் தாங்குவதற்கு. ஸ்கேனில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலும் இரத்தம் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். இங்கே தயங்கித் தயங்கிப் போகிறது. அடுத்த ஸ்கேன் திங்கட்கிழமை.

நாளை முப்பத்தொன்றாவது வாரம் ஆரம்பம். போன தடவை துடிப்பு நின்றது அந்த வாரத்தில்தான். காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. இன்று காலை நான் எழும் முன்பே யாரோ கிழித்திருந்தார்கள், நாளைய தாளையும் சேர்த்து.

வீட்டில் எல்லாம் அந்த ஹூஸ் மாதிரியே கேட்கிறது. ஃபேன். தண்ணீர் மோட்டார். அப்பா மூச்சு விடுவது.

மே 24, சனி

சாயங்காலம் ஆறேகால். துடிப்பு: 148. அக்காவுக்கு நிம்மதி.

இன்று நகைச்சுவைக் கடைக்கு விடுமுறை.

மே 25, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன்.

காலை அம்மா பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அக்கா தலைகூட வாராமல் வந்து நின்று, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். நேற்றுத்தானே தம்பி கேட்டுச் சொன்னான் என்றாள் அம்மா. அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"போவோம்" என்றாள்.

ஸ்கேனில், இரத்தம் தயங்கவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில், குழந்தையிடமிருந்து போன இரத்தத்தைக் கிளைகள் வாங்கிக்கொள்ளாமல் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தன. டாக்டர் பகவதி வேகமாக வந்தார். தியேட்டர் வாசலில் அம்மாவிடம், கடைசியாக அசைவு எப்போது, துடிப்பு எப்போது என்று கேட்டார். மிஷின் விவரம் வெளியே வந்துவிட்டது. அம்மா பெருமையாக என்னைக் காட்டினாள்.

நான் டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இருபது நிமிடத்தில் ஆபரேஷன்.

11.52. பெண் குழந்தை. அழுகை பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபட்ட மாதிரி ஒரே ஒருமுறை கேட்டது. ஒரு கிலோ எண்பது கிராம். அப்பா துறைமுக எடைமேடையில் தினமும் நாற்பது டன் லாரிகளை எடை போடுகிறவர். ஒரு கிலோ எண்பது என்று நர்ஸ் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் அப்பாவை அழைத்து ஒரு எஃகுத் தட்டைக் காட்டினார், நானும் பின்னால் போனேன். நஞ்சுக்கொடி. சாதாரணமாகச் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்குமாம். இது என் உள்ளங்கை. ஓரங்களில் வெளிறி, கெட்டியாகி, கல்போலக் கிடந்தது. மேலே குழாய்கள் டாக்டர் வரைந்த மரம் அப்படியே, நாலு கிளை, அப்புறம் ஒன்றுமில்லை. அந்த நாலு கிளையை வைத்துக்கொண்டுதான் இன்று காலைவரை பரிமாறியிருக்கிறது. எனக்குத் திரும்பி வர மனமில்லை. பரிசோதனைக்கு அனுப்ப மூடி போட்டுக் கொண்டுபோனார்கள்.

மே 27, செவ்வாய்

நாயகன் பேசுகிறேன்.

அம்மா பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "இவந்தான் டாக்டர்ட்ட என்னமோ சொன்னான், உடனே உள்ள கொண்டு போயிட்டாவ. அந்த மிஷின வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கான்." பங்குச் சாமியார் என் தலையில் கைவைத்தார். அப்பா ஒரு கிலோ முந்திரி மக்ரூன் வாங்கி வந்து முதல் மக்ரூனை என் கையில் கொடுத்தார். அப்பா கையால் எனக்கு நேராகக் கிடைத்தவை இதற்குமுன் பெரும்பாலும் வேறு வகை. டாக்டர் பகவதியோடு சேர்ந்து பணிபுரிந்த அனுபவம் பற்றிப் பேட்டி தேவைப்படுவோர் முன்பதிவு செய்யலாம். ஒரே வாக்கியத்தில் ஓர் உயிர்.

பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இரண்டு மூச்சுக்கு நடுவில் சில நேரம் மறந்துவிடுகிறாள். மணி அடிக்கிறது, நர்ஸ் உள்ளங்காலைத் தட்டுகிறாள், மறுபடி மூச்சு விடுகிறாள்.

அம்மாவின் ரிங்டோனைப் பழையபடி மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். போன் அப்டேட் ஆகிவிட்டது என்றேன். பதிவையும் அழித்துவிட்டேன். தண்ணீர் மோட்டார் ஓடும்போது மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். அங்கே தொட்டி நிரம்புகிற சத்தம். அதுவும் அப்படியே கேட்கிறது. தையல் மிஷின் இல்லை. மெதுவானது.

மே 31, சனி

1,040 கிராம். முதலில் குறையத்தான் செய்யுமாம்.

அக்கா என்னிடம் அதிகம் பேசுவதில்லை. வலி.

வலியாகத்தான் இருக்கும்.

ஜூன் 4, புதன்

1,090. மிக்ஸிக்குப் புது மோட்டார் போட்டு வந்துவிட்டது. அம்மா சட்னி அரைத்தாள். நான் சாப்பிடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

1,160 கிராம். இன்று முதல்முறையாகப் பாப்பாவை வயர்களோடு எடுத்து அக்காவின் நெஞ்சில், தோலோடு தோலாகப் படுக்கவைத்தார்கள். ஒரு ஆள் கூட இருக்கலாம் என்றார்கள். அம்மா போகட்டும் என்று ஒதுங்கினேன். அக்கா என் பெயரைத்தான் சொன்னாள்.

முகமூடி, தொப்பி, கவுன். உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேஷத்துக்கு இதைவிட நல்ல உடை கிடைக்காது, பாதி முகம் தெரியாது. ஆனால் மானிட்டரில் பாப்பாவின் எண் ஓடிக்கொண்டிருந்தது. 152. 149. ஒரு நொடி 148.

வாய் தானாகத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மே 24, சாயங்காலம். அம்மா நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். இருபது நிமிடம் தேடினேன். கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், தொப்புளுக்கு மேலே. எங்கே வைத்தாலும் ஹூஸ், ஹூஸ். 84, 88, 86. அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு "ஏல, கேக்குதா?" என்றாள். மத்தியானத்திலிருந்து அசைவு கம்மியாக இருக்கிறது என்றும் சொன்னாள். மிக்ஸி போஸ்டரைப் படித்தபோது இருந்த அதே முகம். நான் மிஷினை அணைத்தேன். துண்டுக்கு அடியில் போனை வைத்து, 9ஆம் தேதிப் பதிவைப் போட்டேன். நூற்று நாற்பத்தெட்டு, எக்கா என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மறுநாள் காலை வரை பதினாலு மணி நேரம். அந்தப் பதினாலு மணி நேரமும் பாப்பா உள்ளே அந்த நாலு கிளையோடு இருந்தாள்.

மானிட்டரைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லி முடித்தேன். அக்கா பாப்பாவின் முதுகில் இருந்த கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ போட்டதுல அம்மா சத்தம் இருக்கு. 'ஜெசி, கேக்குதாடி'ன்னு கேப்பாவ. அம்மா அன்னைக்கு வீட்லயே இல்லல்லா."

தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். அவள் பாப்பாவின் தொப்பியைச் சரி செய்தாள்.

"நீ அத நிறுத்துனா, அப்புறம் ஒண்ணும் கேக்காதுல்லா. இன்னொருக்க போட மாட்டியான்னுதான் படுத்திருந்தேன்."

பிறகு சொன்னாள், அன்று ராத்திரி முழுக்க அவளும் தன் மனசுக்குள் அதே பொய்யைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். விடிந்த பிறகு அது ஓடவில்லை. அதனால்தான் கிளம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என்னையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். என்னோடு பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை என்றாள். முழுக்க இல்லை என்றும் சொன்னாள்.

பாப்பா கொட்டாவி விட்டாள். இவ்வளவு பெரிய விசாரணை நடக்கிறபோது.

ஆகவே திருத்தம். 27ஆம் தேதிப் பக்கத்தில் எழுதியிருப்பது அத்தனையும் புளுகு. நான் டாக்டரிடம் சொன்ன அந்த வாக்கியம்: "நேத்து துடிப்பு கேக்கல டாக்டர், நான் பொய் சொன்னேன்." அதற்கு டாக்டர் சொன்னது: "ஸ்கேன்லயே எல்லாம் தெரிஞ்சிட்டு தம்பி, வழிய விடு." கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றுவதில் என் பங்கு, நகர்ந்தது. கூட்டிப் போனது அக்கா, எடுத்தது டாக்டர், அதுவரை தாக்குப்பிடித்தது பாப்பாவும் அந்த நாலு கிளையும். எவராலும் கண்டுபிடிக்க முடியாத நடிகன் தன் வாழ்நாளின் பெரிய நாடகத்தைப் போட்டான், பார்க்க இருந்தது ஒரே ஆள், அந்த ஆளும் ஏமாறவில்லை.

மக்ரூன் மட்டும் உண்மை. ஏழு தின்றேன்.

அம்மாவிடமும் அப்பாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அப்பா இன்னும் வரவில்லை. அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலில் என் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள், இங்கே கேட்கிறது. போக வேண்டும். இந்த வரியைக்கூட எழுந்து போகாமல் இருப்பதற்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.